ஒரு ரூபாய் வெட்டு

ஓசூர்ல எங்க அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி அண்ணா முன்னாள் ராணுவம். 1987ல் அமைதிப்படையோட யாழ்ப்பாணம் போனவர். ராத்திரி பஸ் இறங்கி வந்தா அவரோட ஒரு டீ, கொஞ்சம் அரட்டை.

நேத்து நான்தான் ஆரம்பிச்சேன். அமெரிக்கக் காங்கிரஸ் 1973ல் வியட்நாம் பக்கம் சண்டை போட இனி பணம் கிடையாதுன்னு சட்டமே போட்டது. 2007ல் ஈராக் போருக்கான பணத்தோட படை திரும்பும் கெடுவையும் சேர்த்து அனுப்ப, புஷ் வீட்டோ பண்ணிட்டார். நம்ம மக்களவையிலும் வெட்டுத் தீர்மானம் இருக்கு. ஒரு துறையோட கொள்கையே பிடிக்கலைன்னா, அது கேட்கிற மானியத்தை ஒரு ரூபாயாக் குறைன்னு சொல்லலாம். ஆனா அமைதிப்படை திரும்பினது அப்படி இல்ல. பிரேமதாசா போகச் சொன்னார், இங்க வி.பி.சிங் வந்தார், 1990 மார்ச்சில் கடைசிப் படையும் கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேல் வீரர்கள் உயிரோட திரும்பல.

"காசை நிறுத்தினா களத்துல நிக்கிறவன் கதி என்னண்ணா?"

"அதெல்லாம் எங்களுக்கு எங்க தம்பி தெரியும்? மெட்ராஸ்ல இறங்கினப்ப முதலமைச்சர் வரல. அது தெரியும்."

தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன்னு கலைஞர் போகல. அது சரின்னு காலேஜ்ல கட்சி கட்டிப் பேசினவன் நான். அங்க செத்த தமிழர்களை நினைச்சா இப்பவும் தப்புன்னு சொல்ல வாய் வரல. ஆனா அனுப்பினது டெல்லி, தலைகுனிஞ்சது இவர். போருக்கான பணத்தை வெட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. திரும்பி வர்றவனுக்கானதை மட்டும் தனியா எடுத்து வைங்க. பணமும், ஒரு வார்த்தையும்.

கிளாஸை வெச்சுட்டு வழக்கம்போல சல்யூட் அடிச்சார். எனக்குத்தான் கூச்சமா இருந்தது.