சின்ன எம், பெரிய எம்

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் வயரிங் பார்க்கிறவனுக்கு மின்தடை ஒரே அளவில் வந்து நிற்காது. பாம்பனிலோ மண்டபத்திலோ ஓர் ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தால் மூன்றையும் தொட்டாக வேண்டும். கேபிள் ஜாயிண்ட் மில்லி ஓமில், எர்த் ஓமில், மோட்டார் காயிலின் இன்சுலேஷன் மெகா ஓமில். முதல் இரண்டும் குறையக் குறைய நல்லது. மூன்றாவது கூடக் கூட நல்லது.

மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, மெகா என்றால் பத்து லட்சம் மடங்கு. எழுதும்போது இரண்டுக்கும் ஆங்கில எம்தான். ஒன்று சிறியது, மற்றது பெரியது. நடுவே 100 கோடி மடங்கு கிடக்கிறது. கூட வரும் பையன் நோட்டில் ‘50 எம்’ என்று கிறுக்கினால், “தம்பி, அது எத்தனை ஓம்னு முழுசாச் சொல்லு” என்பேன். “அஞ்சு கோடி ஓம்ணே” என்று அவன் வாயால் வந்த பிறகுதான் அடுத்த வயர். லட்சம், கோடி என்று நம் கணக்கில் சொல்லிவிட்டால் புள்ளி தவறாது.

புள்ளியை நகர்த்துவதோடு வேலை முடிவதில்லை. இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவி காட்டும் எண்ணைக் கசியும் மின்னோட்டமாக மாற்றிப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் 1 மெகா ஓம் என்றால் கசிவு 0.23 மில்லி ஆம்பியர், கவலையில்லை. அதுவே 0.01 மெகா ஓம், அதாவது 10 கிலோ ஓம் என்றால் 23 மில்லி ஆம்பியர். கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பாதி அளவைத் தாண்டினாலே விழலாம். “காலையில மட்டும் ட்ரிப் ஆகுது, மத்தியானம் நல்லா ஓடுது” என்று கடற்கரை வீடுகளில் சொல்வது இதைத்தான். ஸ்விட்ச் பெட்டிக்குள் படிந்த உப்பு, விடியற்காலை ஈரத்தை இழுத்துக் கசிவுக்கு வழி விடுகிறது. வெயில் ஏறி உப்பு உலர்ந்தால் அதே வயர் பல மெகா ஓம் காட்டும். அதனால் ராமேஸ்வரம் பக்கம் நான் காலையில்தான் மெகர் போடுவேன். மத்தியான அளவு வீட்டுக்காரருக்கு இனிக்கும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

நீளக் கணக்கு இன்னொரு பொறி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், அரைக் கிலோமீட்டருக்குப் பாதி. இன்சுலேஷன் தலைகீழ்: ஒரு கிலோமீட்டருக்கு 100 மெகா ஓம் உள்ள கேபிளை அரையாக வெட்டினால் 200 காட்டும். கசிய இடம் பாதியாகிவிடுகிறது அல்லவா?

அலகே ஊருக்கு ஊர் வேறாக இருந்த காலமும் உண்டு. 1860இல் வெர்னர் சீமென்ஸ் சொன்ன அலகு, 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பில் 100 சென்டிமீட்டர் நீளப் பாதரசத்தின் மின்தடை. 1893இல் சிகாகோ மாநாடு ஏற்ற ஓமுக்கு அதே பாதரசம் 106.3 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே சுமார் 6 சதவீதம். கடலடித் தந்திக் கம்பியில் பழுது எங்கே என்பதை மின்தடையை அளந்துதான் தேடுவார்கள். தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தனுஷ்கோடியிலிருந்து அளந்தது ஓர் அலகிலும் கேபிள் பதிவேடு மற்றதிலும் இருந்து, மாற்றாமல் விட்டால், தலைமன்னார் பக்கத்துப் பழுதுக்குக் கப்பல் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கம்பியைத் தூக்கியிருக்கும்.