பம்பரக்கார அண்ணன்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே பம்பரக்காரர்தான். எனக்கு மூன்று வயது மூத்தவர், அண்ணன் என்றே கூப்பிடுவேன். அவர் வீட்டு முன்சுவரில் வெகுகாலமாக ஒரு பம்பரம் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார். 1993இல் வைகோவை தி.மு.க.விலிருந்து நீக்கியபோது கூடவே வெளியேறியவர். அதுவரை உதயசூரியனைத் தவிர வேறெதிலும் முத்திரை குத்தாதவர்.

போன வாரம் மாதா கோயிலுக்குப் போகிற வழியில், டீக்கடையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "தம்பி, 2026ல நமக்குப் பம்பரம் கெடைக்குமா?" என்றார். சீட்டு எத்தனை என்று கேட்கவில்லை, பாருங்கள்.

ம.தி.மு.க.வின் கதை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 1996இல் தனி அணியில் நின்று ஒரு இடமும் இல்லை. 1998இல் அ.தி.மு.க.வோடு, மறு வருஷமே தி.மு.க.வோடு. 2001இல் தனியாக நின்று மறுபடியும் பூஜ்யம். 2002இல் வைகோ பொடா சட்டத்தில் சிறைக்குப் போனார். 2004இல் தி.மு.க. அணியில் நான்குக்கு நான்கு. 2006இல் அந்தப் பக்கம் தாவி 35 இடங்களில் நின்று 6. 2011இல் தேர்தலையே புறக்கணித்தார்கள். அந்தப் புறக்கணிப்புதான் பெரிய அடி என்பது என் கருத்து. அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். "மானம் பெரிசா, சீட்டு பெரிசா?" என்பார்.

2021இல்தான் நம் அரியலூர்த் தொகுதி ம.தி.மு.க.வுக்கு வந்தது. வேட்பாளர் கு. சின்னப்பா. ஆனால் சின்னம் உதயசூரியன். இருபத்தேழு வருஷம் கழித்து அண்ணன் சூரியனுக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனார். வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தவரிடம், "என்னண்ணே, பழைய வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் நடந்துவிட்டார். இன்றுவரை எனக்கு அது உறுத்தல்தான்.

சின்னப்பா 3,234 வாக்கில் ஜெயித்தார். ஆனால் தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் அது தி.மு.க.வின் வெற்றி. கட்சிக்கு அங்கீகாரம் கேட்கும்போது அந்த ஓட்டில் ஒன்றுகூட ம.தி.மு.க.வுக்குச் சேராது.

அதே தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் ஆறு இடம், ம.தி.மு.க.வுக்கும் ஆறு இடம். இருவரும் நாலு நாலு ஜெயித்தார்கள். அவர்கள் பானையில் நின்றார்கள், இவர்கள் சூரியனில் நின்றார்கள். வித்தியாசம் அவ்வளவே. நம் ஊர் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் இருப்பதால் பானையை நாம் கண்ணாரப் பார்த்தவர்கள். 2019இல் திருமாவளவன் 3,219 வாக்கில் தப்பிப் பிழைத்தார். 2024இல் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். விழுப்புரத்தையும் சேர்த்து இரண்டு எம்.பி. ஆனதும், 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் பானையும் நிரந்தரமாக வந்துவிட்டன.

2024இல் திருச்சியில் துரை வைகோவும் சூரியன் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவர்தான். பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டி கிடைத்தது. அதிலேயே மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனாலும் ஒரே ஒரு எம்.பி. போதாது. 2025 ஜூலையில் வைகோவின் மாநிலங்களவைப் பதவிக்காலமும் முடிந்துபோயிற்று.

என் கணக்கை அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். அரியலூரில் மறுபடி சூரியனில் நின்றால் ஜெயிக்க வழி உண்டு. வேறு சின்னம் என்றால், 3,234 என்பது வயதானவர்கள் பழைய பழக்கத்தில் கையை மாற்றி அழுத்தினாலே போய்விடும் வித்தியாசம். தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். ஜெயித்தால் கட்சி இல்லை, கட்சி வேண்டுமென்றால் ஜெயிப்பது உறுதியில்லை.

அவர் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"தோத்தாப் பரவாயில்ல தம்பி. ஒருதரம் அதுல அழுத்திட்டுப் போயிடணும்."

இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். சொல்லியாயிற்றாம்.