நகலும் மூலமும்

எங்கள் குலசாமி கோயில் திருமங்கலம் பக்கம். மாசி மாதச் சாமி கும்பிடுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை, ரிடையர் ஆனவன் என்பதால் என் தலையில் விழுந்தது.

அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் மனோகரன் முன்னால் வந்தார், மயில்சாமி பின்னால் போனார். யூனிகோடு எண் வரிசையில் 'ன' என்ற எழுத்து 'ந'வை அடுத்தே நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் அதற்குக் கடைசி இடம். இதற்கு மருந்து, முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் இருந்தது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற எம்.ஐ.டி. உரிமம். கிட்ஹப்பில் 'ஃபோர்க்' பொத்தானை அழுத்தி எனக்கென ஒரு நகல் எடுத்தேன். எங்கள் ஊரில் ஜெயராமனை 'ச' வரிசையில்தான் தேடுவார்கள். அதற்கேற்பச் சில மாற்றங்கள் செய்தேன்.

நகல் எடுத்த நாளோடு அது அப்படியே நின்றுவிடும், மூலம் மேலே போய்க்கொண்டே இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 'சிங்க் ஃபோர்க்' என்ற பொத்தானை அழுத்தினேன். மோதல் இருக்கிறது என்றது. கீழே 'டிஸ்கார்டு கமிட்ஸ்' என்று ஒரு வழி காட்டியது. சரியாகப் படிக்காமல் அழுத்திவிட்டேன். நகல் மூலத்தைப் போலவே ஆகிவிட்டது. என் மாற்றங்கள் ஒன்றுகூட அங்கே இல்லை.

அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "பதறாதீங்க மாமா. லேப்டாப்ல இருக்கிறது அழியாது. அதை வேற பேருல ஒரு கிளையாக்கி மேல ஏத்துங்க" என்றான். உயிர் வந்தது.

பிறகு அவன் சொன்னபடி, மூலத்தின் முகவரியை 'அப்ஸ்ட்ரீம்' என்று பெயரிட்டு லேப்டாப்பில் சேர்த்தேன். 'கிட் ஃபெட்ச்' போட்டால் புதியவை வந்து சேரும், நம்முடையதைத் தொடாது. 'கிட் மெர்ஜ்' போட்டால்தான் இரண்டும் கலக்கும். ஒரே வரியை இருவரும் மாற்றியிருந்தால், இரண்டு பாடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டி நிற்கும். எதைக் கொள்வது என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஏட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு உ.வே.சா. பாடபேதம் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

இப்போது 'மெயின்' கிளையில் நான் கை வைப்பதில்லை. அது மூலத்தின் அச்சு. என் மாற்றங்கள் தனிக் கிளையில். மாதம் பிறந்ததும் ஃபெட்ச், மெர்ஜ். மாதத்துக்கொரு தடவை என்றால் மோதல் வந்தாலும் ஓரிரு வரிதான்.

இன்னொன்றும் புரிந்தது. ஜெயராமன் விஷயம் எங்கள் கோயிலோடு நிற்க வேண்டியது. ஆனால் இனிஷியலுக்குப் பின் இடைவெளி விட்டால் வரிசை குலையாமலிருக்க நான் செய்த திருத்தம் எல்லோருக்கும் ஆகும். அதை மூலத்துக்கே அனுப்பியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டால், அதை நான் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

இந்த மாசிக்குப் பட்டியலில் மயில்சாமி முன்னால் நின்றார்.