ஞானோபதேசம் நின்றுபோகும் வயது

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்கள் மறைக்கல்விக்கென எழுந்தவை. 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்களுடன் வெளிவந்த ‘தம்பிரான் வணக்க’மும், மறு ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்க’மும் அண்டிரிக் அடிகளாரின் உழைப்பு. அச்சு வரலாறு பேசும் நாம் எழுத்துருவோடு நின்றுவிடுகிறோம். அவற்றை யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்று அரிதாகவே கேட்கிறோம்.

அந்நூல்களுக்கு முன்பே, முத்துக்குளித்துறையில் பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழாக்கி முதலில் சிறுவர்களுக்கே மனப்பாடம் செய்வித்தார். அவர்கள் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நோயுற்றோர் இல்லங்களுக்குச் சென்று செபம் சொன்னார்கள். (அதே சிறுவர்கள் வழிபாட்டு உருவங்களை உடைத்ததையும் அவருடைய கடிதங்கள் மகிழ்ச்சியோடு பதிவுசெய்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது ஆய்வாகாது.) எவ்வாறாயினும், கற்றது வீட்டுக்குள் சென்றது.

ஈராண்டுகளாக நான் மறைக்கல்வி கற்பிக்கும் பெங்களூருப் பங்கில் அவ்வழி அடைபட்டிருக்கிறது. பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பாட்டி ‘பூசை’ என்பதைத் தாய் ‘திருப்பலி’ என்கிறார்; மகளுக்கு அது ‘மாஸ்’. மூவரும் ஒரே பீடத்தின் முன் நிற்பவர்களே. ஆயினும் இரவுச் செபத்தில் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் மறுமொழி சொல்ல இயலவில்லை. உறுதிபூசுதல் முடிந்ததும் பிள்ளைகளும் வருவதில்லை. பெரியவர்களுக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் முதன்மை வடிவம் என்று உரோமையின் 1997-ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டி கூறுகிறது. நடைமுறையில் அது திருமணத்துக்கு முந்தைய இரண்டு நாள் வகுப்பாகச் சுருங்கிவிடுகிறது.

சென்ற ஆண்டு பெரியவர்களுக்கென ஒரு தமிழ் வகுப்பு தொடங்கினோம். பதினொருவர் வந்தார்கள். நான்காம் வாரம் திருமுழுக்கைப் பற்றிப் பேசியபோது, அறுபதைக் கடந்த ஓர் அம்மா வகுப்பு முடிந்த பின்னும் எழவில்லை. அவருடைய முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், திருமுழுக்குப் பெறாமலேயே இறந்திருக்கிறது. அத்தகைய குழந்தைகள் கடவுளைக் காணாமல் ‘லிம்போ’ என்னும் நிலையில் இருப்பார்கள் என்று சிறுமியாக இருந்தபோது கேட்டதை அவர் நாற்பது ஆண்டுகளாகச் சுமந்திருந்தார்.

அது ஒருபோதும் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதன்று. இறையியலாளர்கள் நெடுங்காலம் கற்பித்த ஒரு கருத்து. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், 1261-ஆம் பத்தியில், இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் குழு அவர்களது மீட்பை நம்பிக்கையோடு எதிர்நோக்கக் காரணங்கள் உண்டு என விரிவாக எழுதியது. உறுதி என்று சொல்லவில்லை, நம்பிக்கை என்றே சொன்னது. இந்த வேறுபாட்டையும் மறைக்காமல் அவரிடம் விளக்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலிக்கு வந்தவர் அவர். அவ்வாண்டுகளில் ஒருவரும் அவரிடம் இதைக் கூறியிருக்கவில்லை.

“எழுதிக் குடுப்பீங்களா? அவரு கிட்டயும் காட்டணும்” என்றார். எழுதிக் கொடுத்தேன்.

வருகை குறைவு என்பதால் அவ்வகுப்பைத் தொடரலாமா என்று பங்குப்பேரவை அடுத்த மாதம் கூடிப் பேசவிருக்கிறது. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் என்னிடம் வாதமில்லை, பதினொருவர்தாம். அவ்வம்மாவின் கணவர் இப்போது வருகிறார். பன்னிருவர்.