அந்த ஒரு கேள்வி

பத்து வருஷம் வார்டில் ஊசி போட்ட கை இது. இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்ய எழுதும் ஆஸ்கி செய்முறைத் தேர்வில் அந்தக் கையே நடுங்கியது. மொத்தம் 10 நிலையங்கள். வேலை தெரியாமல் நான் அங்கே தோற்கவில்லை, பழகிய வேகம்தான் தோற்கடித்தது. நம்மூர் வார்டுக் கூட்டத்தில் மூச்சை அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கிவிடுவோம். அங்கே முழுசாக 60 விநாடி எண்ணியாக வேண்டும். மாத்திரை கொடுக்குமுன் பெயர், பிறந்த தேதி, அலர்ஜி மூன்றையும் வாய்விட்டுக் கேட்கணும். நோயாளியின் கையில் அலர்ஜிக்கான சிவப்புப் பட்டையைக் கண்ணால் பார்த்தேன், "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்கவில்லை. போயிற்று. அன்று ரொம்ப அழுதேன். ஆனால் அந்தக் கேள்வி விட்டுப்போனால் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவர் உயிரே போகலாமே! நாளைக்குத் தேர்வெழுதும் ஜூனியர் பெண்ணுக்கு ராத்திரி போனில் அதைத்தான் முதலில் சொன்னேன்.