கழுகுமலைக்குப் போன பாட்டு

காவடிச் சிந்து என்றதும் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகத்துக்கு வருகிறது? பழனி என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டு பிறந்தது பழனிக்காக அல்ல, கழுகுமலைக்காக!

கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். வழியெல்லாம் கரிசல் காடு. மழை பெய்தால் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலை விடாது. வெயில் காலத்தில் கை நுழையும்படி வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் விளைகிற இந்தச் சமவெளியில், யாரோ கொண்டு வந்து வைத்துவிட்டு மறந்து போனதைப்போல ஒற்றைப் பாறை மலை ஒன்று எழுந்து நிற்கிறது. அதுதான் கழுகுமலை.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவான் கோயிலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி, முடிக்காமலே விட்டுப் போன அற்புதம் அது. பக்கத்திலேயே சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. எத்தனையோ பேர் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார்கள். நாம் அடிவாரத்துக்கு இறங்கி வருவோம், வாருங்கள்.

இங்கேதான் கழுகாசலமூர்த்தி கோயில். மலையைக் குடைந்த கருவறை. முருகன் ஒரு முகமும் ஆறு கரங்களுமாக மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். சந்நிதியைச் சுற்றி வர வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும்! சம்பாதி என்ற கழுகரசன் இங்கே வழிபட்டதாகத் தல வரலாறு சொல்கிறது.

இந்த முருகனுக்குத்தான், சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் 1865-ஆம் ஆண்டு பிறந்த ஒரு பிள்ளை பாட்டுக் கட்டினார். பெயர் அண்ணாமலை ரெட்டியார். அண்ணாமலை என்றதும் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தை நினைத்துக்கொள்கிறவர்களே அதிகம். பாவம், இந்த அண்ணாமலையை யாருக்குத் தெரிகிறது!

பிள்ளையாண்டான் லேசுப்பட்டவரல்ல. திருவாவடுதுறை மடத்தில் பாடம் கேட்டவர். உ. வே. சாமிநாதையரிடமும் படித்தவர். அந்தாதி, மும்மணிக்கோவை, தலபுராணம் என்று பண்டிதர்கள் தலையசைக்கும் நூல்களையும் செய்தார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரைத் தம்முடைய சமஸ்தானப் புலவராக வைத்துக்கொண்டார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடையாகப் பாடுவதற்கென்று புலவர் கட்டியவைதாம் இந்தச் சிந்துகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சிந்து என்பது அதுவரை தெருவில் பாடுகிற பாட்டு. நடக்கிறவர்கள் கால் வலி தெரியாமலிருக்கப் பாடுவது. வெண்பாவும் விருத்தமும் அறிந்த புலவர்கள் அதைத் திண்ணைக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தார்கள். நம் ரெட்டியாரோ, திண்ணையிலிருந்து தாமே இறங்கித் தெருவுக்குப் போனார். போகும்போது தாம் படித்த இலக்கணத்தையும் அணியையும் கையோடு கொண்டு போனார்! மேல்நாட்டில் நாட்டுப்புறப் பாட்டையும் முரட்டு ராக் சங்கீதத்தையும் ஒரே இசைத்தட்டில் கலந்தவர்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நம்மூரில் இந்தக் கலவையை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் செய்திருக்கிறார். நாம் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தோளில் காவடியைச் சுமந்துகொண்டு ஒரு பத்தடி நடந்து பார்த்தால் பாட்டின் சூட்சுமம் விளங்கும். நீளமாக மூச்சுப் பிடித்து ராகம் இழுக்க முடியாது. அதனால் வரிகள் துண்டு துண்டாகத் துள்ளுகின்றன. அடிக்கொரு எதுகை வந்து விழுகிறது. நடுவில் ஒரு தனிச் சொல் நிற்கிறது. அங்கே பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிறகு சொற்கள் மடமடவென்று ஓடி, தாளம் வந்து விழுகிற இடத்தில் காலும் வந்து விழுகிறது. படிப்பில்லாதவருக்கு அது ஆட்டம். படித்தவருக்கு அதே வரியில் சிலேடையும் உயர்வு நவிற்சியும் காத்திருக்கின்றன. கோபுரத்தின் தங்கக் கலசம் தேவருலகத்தையும் தாண்டிக் கண்ணைக் கூச வைக்கிறதாம்! கோயிலுக்குள் ஒரு பக்கம் சிலம்பொலி, மறு பக்கம் திருப்புகழ் முழக்கம். காவடி எடுத்து வருகிறவர்கள் நெருப்புப் பட்ட மெழுகாக உருகி வருகிறார்கள்.

மொத்தம் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பாட்டுக்கள்தாம். கோயில், நகர், குளம் என்று ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, பாதிக்கு மேல் புலவர் வேறு குரலில் பேச ஆரம்பிக்கிறார். அது ஒரு பெண்ணின் குரல். முருகனிடம் மனத்தைப் பறிகொடுத்தவள். தோழியிடம் புலம்புகிறாள், தூது போகச் சொல்கிறாள், தூக்கமில்லாமல் தவிக்கிறாள். வெயிலில் சுமையோடு நடக்கிற ஆண்கள் கூட்டம், ஒரு பெண்ணின் ஏக்கத்தை வாய்விட்டுப் பாடிக்கொண்டு போவதைச் சற்றே எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! எனக்கென்னவோ ஊர்ச் சிறப்புப் பாட்டுக்களைவிட இவைதாம் உசத்தி என்று படுகிறது.

இன்று இந்தப் பாட்டுக்களின் கதி என்ன? சங்கீதக் கச்சேரியில் கடைசித் துக்கடாவாக ஒன்றைப் பாடுகிறார்கள். அதுவும் சபையினர் கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்திருக்கும் நேரத்தில். நாட்டிய மேடையில் ஒன்று வரும். மெட்டு மட்டும் எங்கெங்கோ போய்விட்டது. வேறு சொற்களைப் போட்டு யார் யாரோ பாடுகிறார்கள். பாட்டுக்குள்ளே தம் ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் முத்திரையாக வைத்திருந்தும், ரெட்டியாருக்கு இந்த நிலை. முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக, நடக்கிற வேகத்தில் பாடக் கேட்பது அபூர்வம். அப்படிக் கேட்டால்தான் கதை புரியும்; ஊருக்குள் நுழைந்து, கோயிலைக் கண்டு, மனம் பறிபோவது வரை எல்லாம் ஒரே யாத்திரை என்பது தெரியும்.

ரெட்டியார் 1891-ல் காலமானார். வயது 26! கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் அப்போது இன்னொரு பையன், சுப்பிரமணியன் என்று பெயர், ஒன்பது வயதுகூட நிரம்பாமல் இருந்தான். பிற்காலத்தில் அவனும் சிந்தைத்தான் கையில் எடுத்தான். தெருப்பாட்டு கவிதையாகலாம் என்பதை மகாகவி பாரதி தேசத்துக்கே காட்டுவதற்குமுன், அதே கரிசல் சீமையில் ஒருவர் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

பங்குனி உத்திரத்தில் கழுகுமலையில் கூட்டம் தாங்காது. சாவகாசமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறொரு நாளில், வெயில் ஏறுமுன் போவது நல்லது. பாறை சுடும், குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மலையைச் சுற்றும்போது ரெட்டியாரின் பாட்டில் ஒன்றிரண்டு தெரிந்திருந்தால் வாய்விட்டே பாடலாம்; யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். திரும்பும்போது கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க மறந்துவிடாதீர்கள். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள்!