நுரைக்காத கலயம்

கேரள எல்லை ஊரான காரோட்டின் பனைகளில் ஒரே கலயத்துக்கு இரண்டு வேலை. உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி, அதாவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். கொஞ்சம் கிழக்கே எல்லையைத் தாண்டிவிட்டால் இந்த இரண்டாவது வேலை குற்றம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் லைசென்ஸ் இருந்தால் கள்ளு ஷாப்புக்கு அளக்கலாம். 1956 நவம்பரில் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனைகளிடம் யாரும் கேட்கவில்லை.

நான் போனபோது பனையேறி அண்ணாச்சி மூன்று கலயங்களை இறக்கி வைத்திருந்தார். இரண்டில் நுரை விளிம்பைத் தொட்டுச் சீறிக்கொண்டிருந்தது. மூன்றாவது அசையாமல் கிடந்தது. அதன் வாயில் காதை வைத்துக் கேட்டார், விரலை முக்கி நாக்கில் வைத்தார்.

"இனிப்பு அப்படியே கெடக்கு. சுண்ணாம்பு விட்டுப்போகல்ல, அதாக்கும் காரியம்."

கோடை முழுக்க அக்கானிக்கு ஓடிய மண்கலயம் அது. மண்ணின் துளைகளில் சுண்ணாம்பு ஏறிவிட்டால் தண்ணீர்விட்டு அலசினால் போகாது. அந்தக் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. புளித்த பழங்கள்ளை ஊற்றி ஒரு ராத்திரி வைப்பார்களாம். புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்துவிடும். ரசாயனப் புத்தகம் சொல்வதும் இதேதான்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் நொதிப்பு பாதியில் நிற்பதுண்டு. குளிர், ஈஸ்ட் போதாமை, காற்றுப் போதாமை என்று காரணம் தேடுவார்கள், ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு மிச்சச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் பாத்திரத்தைக் கிருமியில்லாமல் துடைத்துவிட்டு, வாங்கிய ஈஸ்டைப் போடுகிறவர்கள். இங்கே ஈஸ்ட் கலயத்திலும் காற்றிலும் தேனீயின் காலிலும் வருகிறது. கூடவே சைமோமோனாஸ் என்றொரு பாக்டீரியா. பீரில் புகுந்தால் கேடு, கள்ளில் அது கூட்டாளி. அதனால் அளவுக்கு மீறிய சுத்தமும் இங்கே கோளாறுதான். ஒருமுறை பேரன் கலயத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டானாம். "அன்னைக்குக் கள்ளு எழும்பவே இல்ல மக்கா." நன்றாகப் பொங்கும் கலயத்தின் அடிமட்டில் ஒரு சிரட்டை எடுத்து விட்டபிறகுதான் நுரை வந்ததாம்.

பீர்க்காரருக்குச் சர்க்கரை முழுக்கத் தீர வேண்டுமென்ற கவலை. இவருக்கோ தீருவதற்குள் விற்றாக வேண்டும். காலையில் இறக்கியதில் மாலைக்குள் புளிப்பு ஏறிவிடும். மறுநாள் அது சொறுக்க, அதாவது வினிகர், ஆகும் வழியில் இருக்கும். நல்ல கள் என்பதே பாதி நொதித்த கள்தான். அதைக் காது வைத்தே கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்றாவது கலயத்தை அவர் கொட்டவில்லை. சர்க்கரை லேசாக உடைந்திருக்கும், கருப்பட்டியாக இறுகாது, பாகுக்கு ஆகும் என்று வீட்டம்மா அடுப்பில் ஏற்றினார். ஷாப்பில் ஏன் அளவு குறைகிறதென்று கேட்டார்கள்.

"ஒண்ணு ஒறங்கிப் போச்சு" என்றார், அவ்வளவுதான்.